செம்மண் தண்ணீரில் லூர் ஏன் எடுபடுவதில்லை: உயிர் இரைக்கு வரும் நம் பக்கத்து மீன்கள்

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தீபாவளி லீவுக்குக் காரைக்குடிப் பக்கம் சொந்த ஊருக்கு வந்தவர், பை நிறைய ரப்பர் தவளை, தகடு சுழலும் ஸ்பின்னர், பிளாஸ்டிக் மீன் என்று லூர்களை, அதாவது செயற்கை இரைகளை, வாங்கி வந்து மூன்று நாள் கண்மாயில் வீசிப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு விரால் தவளையின் பின்னாலேயே வந்து, கரைக்கு நாலடி தூரத்தில் திரும்பிப் போய்விட்டது. அதோடு சரி. பக்கத்தில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் மண்புழுவைக் கோத்துப் போட்டு ஒரு சட்டி மீனோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். "எந்தெந்த மீனுக்கு லூர் வேலைக்கே ஆகாது, உயிர் இரைதான் வேண்டும்?" என்பது கேள்வி.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீசையால் தடவி இரை தேடும் மீனுக்கு லூர் வேண்டாம். சேற்றிலும் மணலிலும் மூக்கை விட்டு இரை தேடும் மீனுக்கும் வேண்டாம். கண்ணால் பார்த்துத் துரத்தும் மீனுக்கு லூர் போதும், ஆனால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். தம்பி வந்த ஐப்பசி மாதத்தில் நம் கண்மாய்களில் தண்ணீர் தெளிந்திருக்காது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு மண் செம்மண், அடியில் செம்புறாங்கல். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பொட்டலிலும் காட்டிலும் விழுகிற மழை அத்தனை செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குள் வருகிறது. அந்தத் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், உங்கள் விரல் உங்களுக்கே தெரியாது. லூரின் பளபளப்பு, வண்ணம், வாலாட்டம் எல்லாம் மீன் பார்த்தால்தானே? ஸ்பின்னரின் அதிர்வு ஓரளவு எட்டும், மீன்களுக்கு உடம்பின் இரு பக்கமும் ஓடுகிற கோட்டில் அதிர்வை உணரும் சக்தி இருக்கிறது. ஆனால் அதிர்வை மட்டும் நம்பி வாயைத் திறக்கிற மீன் குறைவு. மணமும் ருசியும் கூட வர வேண்டும். உயிர் இரை இந்த மூன்றையும் தருகிறது. போட்ட இடத்தை விட்டு நகராமல் நின்று தருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். லூரை நிறுத்தினால் அது செத்த பிளாஸ்டிக்.

முதலில் கெளுத்தி. நம் கண்மாய்களில் கிடைக்கிற சின்னக் கெளுத்திக்கு நான்கு ஜோடி மீசை. மீசை முழுக்க, உடம்பின் மேல்கூட, நம் நாக்கில் இருப்பது போல ருசி அறியும் மொட்டுகள் உண்டு. அது தடவித் தடவி, ருசி பார்த்துத்தான் கவ்வும். பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளும்? மண்புழுவைப் பாதி நீளம் தூண்டில் முள்ளில் ஏற்றி, மீதியை ஆடவிட்டு, தரையை ஒட்டிக் கிடக்கிற மாதிரி போட வேண்டும். பொழுது சாய்கிற நேரம் நல்லது. கடித்தால் தக்கை டக்டக்கென்று இரண்டு மூன்று முறை துடித்துவிட்டுச் சாய்ந்தபடி போகும். தூக்கியதும் கையில் கிர்ர் கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உரசி அது எழுப்புகிற சத்தம். அந்த முள் விறைத்து நின்றுகொள்ளும், எனவே தலைக்குப் பின்னால் இரண்டு பக்க முள்ளுக்கும் அடியில் விரலைக் கொடுத்துப் பிடியுங்கள்.

அதே புழுவுக்குத் தேளியும் வரும். பெயரே எச்சரிக்கை. கறுத்த, வழவழப்பான, ஒல்லியான உடம்பு, நான்கு ஜோடி மீசை, பக்க முள்ளில் விஷம். பத்து வயதில் தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இதைக் கெளுத்தி என்று நினைத்து அள்ளினேன். கட்டைவிரல் அடியில் குத்தியது. குத்தியபோது ஊசி போட்ட மாதிரிதான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் வலி மணிக்கட்டைத் தாண்டி ஏறிவிட்டது. அப்பத்தா அடுப்பில் இருந்த வெந்நீரை விளாவி, தன் கையை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு என் கையை அதில் அழுத்தி வைத்திருந்தார். ஆற ஆறச் சூடு சேர்த்துக்கொண்டே இருந்தார். அது வெறும் பாட்டி வைத்தியம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இந்த மீன் விஷங்கள் சூட்டில் கெடக்கூடிய புரதங்கள். தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரியில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருப்பதுதான் மருத்துவர்களும் சொல்கிற முதலுதவி. கொதிக்கிற நீரில் வைத்துவிடாதீர்கள், மரத்துப் போன கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். அப்புறம் மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆரால். மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கூரான மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் சின்னது, தின்பது புழுவும் பூச்சியும்தான். இதை லூர் வீசி ஒருவர்கூடப் பிடித்து நான் பார்த்ததில்லை. மடைக்குக் கீழே வாய்க்கால் மணலாக இருக்கிற இடத்தில், சின்ன முள்ளில் மெல்லிய புழுவைக் கோத்துப் போடுங்கள். எட்டு, பத்து நம்பர் முள் போதும். தூண்டில் முள்ளில் நம்பர் கூடக் கூட அளவு சிறுக்கும், கடையில் கேட்கும்போது இதை மாற்றிக் கேட்டுவிட வேண்டாம். ஆராலின் முதுகில் வரிசையாகச் சின்ன முட்கள் இருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கம் உருவினால் கை கிழியும். மணல் தரையில் படுத்திருக்கும் உளுவையும் இதே புழுவுக்கு வரும். தெளிந்த நீரில் உளுவை சின்ன ரப்பர் புழுவைக் கவ்வுவதும் உண்டு, அதை மறுக்கவில்லை.

பனையேறிக் கெண்டையைச் சொல்லாமல் போக முடியாது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் உறுப்பு இருப்பதால் இது தரையிலும் கொஞ்ச நேரம் தவழும். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்பவர் 1791-இல் ஒரு பனைமரத்தின் வெடிப்பில் இதைக் கண்டதாக எழுதினார். 1797-இல் அந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பனை ஏறுமா என்ற சந்தேகம் அறிஞர்களுக்கு இன்றைக்கும் தீரவில்லை. நம் ஊர்ப் பெயர் மட்டும் சந்தேகப்படாமல் நிற்கிறது. புழு, வெட்டுக்கிளி, சின்னக் கூனி, எதற்கும் வரும், சட்டென்று கடிக்கும். லூருக்கு இதன் வாய் போதாது. மழை நாளில் வயலிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் இறங்குகிற இடத்தில் தேடுங்கள்.

இனி விரால். தம்பியின் மனம் எங்கே இருக்கிறது என்று தெரியும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

விரால் லூருக்கு வராத மீன் இல்லை. ரப்பர் தவளையை வைத்து விரால் பிடிக்கிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். தை, மாசியில் கண்மாய் தெளிந்து, ஓரத்தில் அல்லியும் கோரையும் படர்ந்திருக்கும்போது அந்தத் தவளை மாதிரி சுகமான தூண்டில் கிடையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. ஒன்று, கலங்கல். இரண்டு, அது விரால் குஞ்சு பொரிக்கும் காலம். தண்ணீர் மேல் செந்நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பது போல ஒன்றாக மேலே வந்து வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், அவை விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்த நேரத்தில் துரத்தி வருகிற விரால் பசிக்கு வருவதில்லை, விரட்ட வருகிறது. உங்கள் தவளை கூட்டத்தை விட்டு விலகியதும் அது திரும்பிப் போயிருக்கும். கரைக்கு நாலடியில் திரும்பிய உங்கள் விராலுக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் காவல் நிற்கிற விராலைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அந்தக் குஞ்சுக் கூட்டம் முழுவதும் கெண்டைக்கும் கொக்குக்கும் போகும். இதில் நான் கண்டிப்பானவன்.

குஞ்சு இல்லாத விராலைக் கலங்கல் நீரில் பிடிக்க உயிர்க் கெண்டைதான். விரல் நீளக் கெண்டை அல்லது ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சு. முள்ளை முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் மேலாகக் குத்தி எடுங்கள். நடுமுள் மேல் பட்டால் இரை அப்போதே போயிற்று. ஓடுகிற தண்ணீராக இருந்தால் இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்தலாம். மயிலிறகுத் தண்டில் மிதப்பு கட்டி, கோரை ஓரத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் விடுங்கள்.

அப்புறம் மிதப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். இரை தன்பாட்டில் நீந்தும்போது மிதப்பு சோம்பலாக அங்கும் இங்கும் சாயும். விரால் பக்கத்தில் வந்ததும் இரைக்குத் தெரிந்துவிடும். மிதப்பு நடுங்க ஆரம்பிக்கும், இரை மேலே ஏறப் பார்ப்பதால் தண்டு படுத்துக்கூட விடும். பிறகு ஒரு "சளப்". மிதப்பு உடனே முங்காது, பக்கவாட்டில் ஒரு முழம் ஓடி நிற்கும். அந்த நிற்கிற நேரத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டு இழுத்து விராலை இழக்கிறார்கள். குறுக்காகக் கவ்வியதை அது வாய்க்குள் திருப்பி, தலைப்பக்கமாக விழுங்குகிற நேரம் அது. பொறுங்கள். மறுபடி நகர்ந்து, தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) நீரை அறுத்துக்கொண்டு ஒரே திசையில் போகும். அப்போது ஒரு சுண்டு. லூருக்கு இதற்கு நேர்மாறு: பிளாஸ்டிக்கை அது விழுங்கக் காத்திருக்காது, துப்பிவிடும், கவ்விய நொடியே சுண்ட வேண்டும். லூரில் பழகியவர்கள் உயிர் இரையில் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு சங்கடமும் இருக்கிறது. விழுங்கவிட்டுப் பிடித்த மீனுக்கு முள் தொண்டைக்குள் போயிருக்கும், திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். சின்ன விராலைத் திருப்பிவிட நினைப்பவர்கள் வட்ட முள் வாங்கிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அதற்குச் சுண்டக் கூடாது, தங்கூசியை மெல்ல இறுக்கினால் தானே ஏறும்.

விராலின் தம்பி குரவை. சின்னது, ஆனால் பசி பெரிது. புழுவுக்கே வரும், கூனிக்கு வரும். கலங்கலோ தெளிவோ அது பார்ப்பதில்லை. சின்னப் பையன்கள் தூண்டில் பழகக் குரவையை விட நல்ல வாத்தியார் இல்லை.

வாளைக்கு நம் கலங்கல் நீரில் உயிர் இரைதான் நம்பிக்கை, அதுவும் இரவில். உடம்பு பெரிது, வாய் கண்ணைத் தாண்டிப் பிளந்திருக்கும், கண்ணோ சிறியது. இருட்டில் மீசையாலும் அதிர்வாலும் வேட்டையாடுகிற மீன். சித்தப்பா காலத்தில் கலுங்கு (கண்மாயின் உபரி நீர் வெளியேறும் இடம்) அருகே கையளவு கெண்டையை விட்டு விடிய விடியக் காத்திருந்து பிடிப்பார்கள். இப்போது நம் பக்கம் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. உலக அளவிலும் அழியும் ஆபத்துள்ள மீன்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். பட்டால் ஒரு படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். விலாங்கும் இரவு மீன், புழுவுக்கு வரும். கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளர்கிற மீன் என்பதால் தொடர்பறுந்த கண்மாயில் எதிர்பார்க்க வேண்டாம்.

கட்லா, ரோகு வகைகளுக்கு லூரும் வேண்டாம், உயிர் இரையும் வேண்டாம். தவிடும் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைதான். அது தனிக் கதை.

கடல் பக்கம் போகிற எண்ணம் இருந்தால், தேவகோட்டையிலிருந்து தொண்டி பக்கம்தான். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், தரையில் கடற்புல். மூன்று கொக்கி தொங்குகிற லூரை அங்கே இழுத்தால் மீனை விடப் புல்தான் அதிகம் வரும். அந்தக் கரையில் நான் ஆசையோடு பிடிப்பது கிழங்கான். மணலில் கிளறிப் புழுவும் சின்ன இறாலும் தின்கிற வெள்ளி நிற மீன், பென்சில் முனை மாதிரி வாய். வற்றின நேரத்தில் சேற்று மணலைத் தோண்டி எடுத்த கடல்புழுவைச் சின்ன முள்ளில் கோத்துப் போட்டால் போதும். கொடுவா லூருக்கும் நன்றாக வரும், ஆனால் முகத்துவாரத்தின் கலங்கலில், இருட்டில், உயிரோடு துடிக்கிற இறாலுக்கும் மடவைக் குஞ்சுக்கும் இணை இல்லை. இறாலைக் கோக்கும்போது தலைக்குள் கறுப்பாகத் தெரிகிற புள்ளியைத் தொடாமல், கொம்புக்குக் கீழே குறுக்காகவோ வால் பக்கத்துக் கணுவிலோ குத்துங்கள். பாறை இடுக்கில் கிடக்கும் கலவாவுக்கும் உயிர் இரை. ஷீலா, பாரை இரண்டும் வேகமாகத் துரத்துகிறவை, அவற்றுக்கு லூரே போதும், இரையைத் தேடி அலைய வேண்டாம்.

இரையை உயிரோடு வைத்திருப்பதுதான் பாதி வேலை. மண்புழு மழைக்காலத்தில் எங்கும் கிடைக்கும். கோடையில் அடிகுழாய்த் தண்ணீர் ஓடுகிற இடத்திலும் மாட்டுக் கொட்டகைக் குப்பைக்கு அடியிலும் தோண்டுங்கள். அதே ஈர மண்ணோடு, மேலே வாழைமட்டைத் துண்டு ஒன்றைப் போட்டு நிழலில் வைத்தால் நான்கு நாள் துடிப்பாக இருக்கும். பிளாஸ்டிக் டப்பாவை மூடி வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கூழ். கெண்டைக்கு மண்பானை. பானையின் வெளிப்பக்கம் நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது, குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் நிற்கும். பானைக்குப் பத்து குஞ்சுக்கு மேல் போடாதீர்கள், அரை மணிக்கு ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிளாஸ்டிக் வாளியில் அடைத்து வைத்துவிட்டு "இரை செத்துப்போச்சு" என்று சொல்பவர்களைத்தான் கரையில் அதிகம் பார்க்கிறேன்.

தவளையை உயிரோடு கோக்க வேண்டாம். வயலில் பூச்சியைத் தின்று நமக்கு உழைக்கிற உயிர் அது. தவளைக் கால் ஏற்றுமதியையே 1987-இல் நம் நாடு தடை செய்தது. விராலுக்குக் கெண்டை இருக்கும்போது அந்தப் பாவம் தேவையில்லை.

மிச்சமான உயிர் இரையை வேறு கண்மாயில் கொட்டாதீர்கள். ஜிலேபி 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது, இன்று அது இல்லாத கண்மாயைக் காட்டுங்கள் பார்க்கலாம். வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம், நம் அயிரையையும் கெண்டையையும் துடைத்துவிடும். அது தூண்டிலில் பட்டால் திரும்ப விடவே கூடாது.

கண்மாயில் இறங்குவதற்கு முன் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தூண்டிலுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்டுவிட்டுப் போடுவது மரியாதை. குடிதண்ணீர் ஊருணியிலும் கோயில் ஊருணியிலும் தூண்டில் வேண்டாம். கால் கழுவவே விடாமல் நம் முன்னோர் காத்த தண்ணீர் அது.

தம்பி, அந்த ரப்பர் தவளைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாசியில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். கையைத் தண்ணீரில் முழங்கை வரை விட்டுப் பாருங்கள். விரல் நகம் தெரிந்தால் தவளையை வீசுங்கள். தெரியவில்லை என்றால் எட்டாம் நம்பர் முள், மயிலிறகுத் தண்டு, அடிகுழாய் ஓரத்து மண்புழு. அந்தப் பெரியவர் பக்கத்திலேயே இடம் கேட்டு உட்காருங்கள், எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் சேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.